திரையில்லாத சர்வர் யாரை நம்பும்?

டேட்டா சென்டரின் ரேக்கில் ஏற்றப்படும் சர்வருக்கு மானிட்டரும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. மின்சாரத்துக்கு ஒரு கேபிள், நெட்வொர்க்குக்கு ஒன்றிரண்டு, அவ்வளவுதான். அதை நிர்வகிக்கப்போகிறவர் வேறு ஊரில் இருப்பார், பல சமயம் வேறு நாட்டில். ஹெட்லெஸ் சர்வர் என்று சொல்லப்படும் இந்த ஏற்பாடு இணையம் பெருகிய பிறகு வந்த வசதி என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. அதன் வரலாற்றை எழுதுகிறவர்களும் தூரத்தை வென்ற கதையாகவே எழுதுகிறார்கள்: முதலில் அறைக்குள், பிறகு கட்டடத்துக்குள், பிறகு ஊர்விட்டு ஊர், முடிவில் கண்டம்விட்டுக் கண்டம். நடந்த வரிசை அப்படி இல்லை. தூரம் என்ற சிக்கல் 1940லேயே தீர்ந்துவிட்டது. அன்றுமுதல் இன்றுவரை தீராமல் தொடர்வது நம்பிக்கை பற்றிய சிக்கல். பக்கத்தில் ஆளே இல்லாத ஒரு கணினி, தன்னிடம் வருகிறவர் உரியவர்தான் என்று எப்படி அறியும்? வருகிறவரும், தான் வந்து சேர்ந்தது சரியான கணினியிடம்தான் என்று எப்படி அறிவார்? இரு தரப்பும் முன்பின் பார்த்திராத அந்த முதல் தடவையில் இக்கேள்விகள் மிகக் கடினமாகின்றன. தொலைவிலிருந்து கணினியை இயக்கும் தொழில்நுட்பத்தில் வந்த பெரிய மாற்றங்களும் பெரிய விபத்துகளும் இந்த முதல் தடவையைச் சுற்றியே நிகழ்ந்திருக்கின்றன என்பது என் வாதம்.

1940 செப்டம்பர் 11 அன்று, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹேனோவர் என்ற சிற்றூரிலுள்ள டார்ட்மத் கல்லூரியில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம் நடந்தது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் அங்கே ஒரு டெலிடைப் இயந்திரத்தை வைத்திருந்தார். கூட்டத்துக்கு வந்தவர்கள் அதில் கலப்பெண்களைத் தட்டச்சு செய்தார்கள். சற்று நேரத்தில் விடை காகிதத்தில் அச்சாகி வந்தது. கணக்கைப் போட்ட இயந்திரம் சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி நியூயார்க்கில் இருந்தது. தொலைபேசி ரிலேக்கள் நானூறுக்கு மேல் கொண்டு கட்டப்பட்ட அந்தக் கணிப்பான், தொலைபேசிக் கம்பிகளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்குத் தேவைப்பட்ட கணக்குகளுக்காகவே உருவானது. நியூயார்க்கிலும் அதை யாரும் அருகில் நின்று இயக்கவில்லை; ஆய்வகத்தின் வெவ்வேறு அறைகளில் இருந்த மூன்று டெலிடைப்புகளில் ஏதாவது ஒன்றிலிருந்து கேட்டார்கள். அன்று டார்ட்மத்தில் அந்த இயந்திரத்தைச் சோதித்துப் பார்த்தவர்களில் நார்பர்ட் வீனரும் ஜான் மாக்லியும் உண்டு. அதே மாக்லி பின்னர் பிறரோடு சேர்ந்து உருவாக்கிய, 1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியோ, கூடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்று கேபிள்களைப் பிடுங்கிச் செருகினால்தான் வேலை செய்யும். ஆக, கணினியை அதன் பக்கத்திலிருந்து இயக்கும் பழக்கத்துக்கு முன்பே அதைத் தொலைவிலிருந்து இயக்கும் பழக்கம் தோன்றிவிட்டது. ரேக்கில் கிடக்கும் முகமற்ற சர்வரைப் புதுமை என்பதைவிட, மேசைமேல் திரையோடு வந்த பெர்சனல் கணினியை ஓர் இடைக்கால விருந்தாளி என்பதே வரலாற்றுக்கு நெருக்கமானது.

டார்ட்மத்தில் யாரும் கடவுச்சொல் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அந்த நிகழ்ச்சிக்கென ஒதுக்கப்பட்ட தந்திக் கம்பியின் ஒரு முனையில் இயந்திரம், மறுமுனையில் டெலிடைப். கம்பியே அடையாளச் சான்று. பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கியதும் இந்தச் சான்று போதாமல் போனது. எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு 1961 நவம்பரில் செய்துகாட்டிய சி.டி.எஸ்.எஸ். அமைப்பு, ஒரே ஐ.பி.எம். கணினியைப் பல டெர்மினல்களிலிருந்து பலரும் ஒரே நேரத்தில் பயன்படுத்த வழிசெய்தது. ஆளுக்கொரு கோப்புத் தொகுதி இருந்ததால் ஆளுக்கொரு கடவுச்சொல்லும் வந்தது. கசிவும் உடனே வந்துவிட்டது. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாததால், கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சடித்துத் தரச் செய்து எடுத்துக்கொண்டதைப் பிற்காலத்தில் அவரே சொன்னார். 1966இல், லாகின் செய்தவுடன் தெரியும் வரவேற்புச் செய்தியும் கடவுச்சொல் கோப்பும் இடம்மாறிப்போய், வந்தவர் கண்ணிலெல்லாம் எல்லோருடைய கடவுச்சொல்லும் பட்டது. ஆனால் இந்தக் கசிவுகளைவிட அந்த ஏற்பாட்டில் இருந்த ஒருதலைத் தன்மைதான் பின்னாளில் பெரிதாக வளர்ந்தது. வருகிறவர் யார் என்று கணினி கேட்டது. கணினி எது என்று வருகிறவர் கேட்க வழியில்லை. கம்பி எங்கே போகிறது என்று தெரிந்திருந்தவரை அது குறையாகவும் தோன்றவில்லை.

அந்தக் காலத்துக் கம்பி இன்னும் மறையவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். டெர்மினலையும் மோடத்தையும் இணைப்பதற்கான ஆர்.எஸ்.-232 தரம் 1960இல் வந்தது. நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும் டெலிடைப் மாடல் 33 இயந்திரம் 1963இல் வந்தது. யூனிக்ஸ் வளர்ந்தது இத்தகைய டெலிடைப்புகளின் முன்னால்தான். இன்றைய லினக்ஸில் டெர்மினல்கள் பலவற்றுக்கு டி.டி.ஒய். என்று தொடங்கும் பெயர் இருப்பது அதன் எச்சம். சீரியல் கன்சோல் எனப்படும் இந்த வழியில் அனுப்ப ஒரு கம்பி, பெற ஒரு கம்பி, பொதுவுக்கு ஒரு கம்பி இருந்தால் போதும். ஐ.பி. முகவரி வேண்டாம், நெட்வொர்க் அமைப்பு வேண்டாம், இயங்குதளம் முழுதாக எழுந்திருக்கவும் வேண்டாம். சன் நிறுவனத்தின் கணினிகள், கீபோர்டு செருகப்படவில்லை என்று கண்டால் தாமாகவே சீரியல் போர்ட்டுக்குப் பேச்சைத் திருப்பிவிடும்; பெட்டியைப் பிரித்த நிமிடத்திலிருந்தே அவற்றைத் திரையில்லாமல் நிறுவ முடிந்தது. பெர்சனல் கணினி வழியில் வந்த சர்வர்களோ கீபோர்டு இல்லையென்று பிழை காட்டி, கீபோர்டில் ஒரு விசையை அழுத்தச் சொல்லி நின்றுவிடும். ஒரே மானிட்டரையும் கீபோர்டையும் பத்துப் பதினாறு கணினிகளுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கும் கே.வி.எம். சுவிட்சுகள் ரேக்குகளில் பெருகியதற்கு இது ஒரு காரணம். இன்றும் புதிய ரவுட்டரையோ சுவிட்சையோ முதன்முதலில் நிறுவுகிறவர் லேப்டாப்பிலிருந்து கன்சோல் கேபிளைச் செருகி, 9600 வேகத்தில் பேச்சைத் தொடங்குவதே வழக்கம்.

சீரியல் கன்சோல் நிலைத்திருப்பதைப் பழமைப்பற்று என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. கேபிளைச் செருகியவர் பூட்டிய கட்டடத்துக்குள் வந்தவர், ரேக்கைத் திறக்கச் சாவி பெற்றவர். எந்தச் சாதனத்தில் செருகினோம் என்பதும் அவருக்குக் கண்ணால் தெரியும். இருதரப்பு அடையாளமும் எந்தக் கணக்கீடும் இல்லாமல் ஒரே செயலில் உறுதியாகிவிடுகிறது. இதே காரணத்தால் கன்சோல் அளவுக்கு மீறியும் நம்பும். சன் கணினிகளில், கன்சோலாக இணைத்த டெர்மினலின் மின்சாரத்தை அணைத்தாலே அந்த அதிர்வை பிரேக் சமிக்ஞையாக எடுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்த சர்வர் முழுவதும் உறைந்து நின்ற அனுபவம் அக்கால நிர்வாகிகளுக்குப் பழக்கமானது. கம்பியில் வந்தது எதுவானாலும் உரியவர் சொன்னதே என்று அது எடுத்துக்கொண்டது.

நெட்வொர்க் வந்தபோது இந்த உடல்வழிச் சான்று போய்விட்டது. 1969 அக்டோபர் 29 இரவு, லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகக் கணினியிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் கழகக் கணினிக்கு அர்ப்பாநெட் என்ற நெட்வொர்க் வழியாக அனுப்பப்பட்ட முதல் செய்தி, லாகின் என்ற கட்டளைதான். முதல் இரண்டு எழுத்து போனதும் அந்தப் பக்கத்துக் கணினி விழுந்துவிட்டது. மின்னஞ்சலுக்கும் முன்பே அந்த நெட்வொர்க் செய்ய முனைந்த வேலை தொலைவிலிருந்து உள்நுழைவது என்பதைக் கவனிக்கவேண்டும். அதற்கான டெல்நெட் பற்றிய முதல் குறிப்பும் அந்த ஆண்டிலேயே எழுதப்பட்டது. 1983இல் அது முறையான தரமாயிற்று. டெல்நெட், கடவுச்சொல்லை அப்படியே திறந்த எழுத்தாக அனுப்பியது. அதே 1983இல் பெர்க்லியின் 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸில் வந்த ஆர்லாகின், ஆர்.எஸ்.எச். கட்டளைகள் இன்னொரு படி போயின: இந்தப் பெயருள்ள கணினியிலிருந்து வருகிறவர் நம் ஆள், கடவுச்சொல்லே கேட்கவேண்டாம் என்று ஒரு கோப்பில் எழுதிவைக்கலாம். கம்பி தந்த சான்றை நெட்வொர்க் முகவரி தரும் என்ற எண்ணம் அது. 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மோரிஸ் அவிழ்த்துவிட்ட புழு நிரல் சில ஆயிரம் கணினிகளுக்குள் பரவ, இப்படி ஒன்றையொன்று நம்பிய கணினிகளும் ஒரு வழியாயின. 1994 கிறிஸ்துமஸ் நாளில் பாதுகாப்பு ஆய்வாளர் சுடோமு ஷிமோமுராவின் கணினிகளுக்குள் நுழைந்த தாக்குதலில், நம்பிக்கைக்குரிய முகவரியிலிருந்து வருவதுபோல் பொய்யாகத் தோற்றம் காட்டியே ஆர்.எஸ்.எச். ஏமாற்றப்பட்டது.

பெர்க்லியில் இருந்தவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று இதற்குத் தீர்ப்பெழுதுவது எளிது. அது நியாயமாகாது. 1983இல் ஒரு வளாக நெட்வொர்க்கில் இருந்த கணினிகளை அவற்றின் நிர்வாகிகள் பெயர்சொல்லி எண்ணிவிடலாம். ஒவ்வொன்றின் சிறப்புரிமைக் கணக்கும் தெரிந்த ஒருவர் கையில் இருந்தது. 1024க்குக் கீழ்ப்பட்ட போர்ட்டிலிருந்து வரும் இணைப்பு அந்த ஒருவர் ஒப்புதலோடுதான் வரமுடியும் என்பது அன்று ஏறத்தாழ உண்மை. மறைகுறியாக்கத்துக்கு அன்றைய கணினிகளின் வேகமும் இடம்தரவில்லை, அமெரிக்க ஏற்றுமதிச் சட்டமும் இடம்தரவில்லை. சூழல் மாறியபின்னும் ஏற்பாடு மாறாமல் இருந்ததுதான் பிழை. 1994 பிப்ரவரியில் செர்ட் என்ற கணினிப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட எச்சரிக்கை, நெட்வொர்க்கை ஒட்டுக்கேட்டுப் பல்லாயிரம் கணினிகளின் நுழைவு விவரங்கள் திருடப்பட்டுவிட்டதாகச் சொன்னது. மறு ஆண்டு ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கிலும் ஒட்டுக்கேட்கும் நிரல் பிடிபட்டது. அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு ஊலோனென் சில மாதங்களில் ஒரு மாற்று எழுதி, 1995 ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். அதுதான் எஸ்.எஸ்.எச். கோப்பு அனுப்பும் எஃப்.டி.பி.க்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று போர்ட் எண்கள் இருக்க, நடுவில் காலியாக இருந்த 22ஐ அவர் கேட்டு வாங்கினார். ஆண்டு முடிவதற்குள் 50 நாடுகளில் சுமார் 20,000 பேர் அதைப் பயன்படுத்தினார்கள். 1999இல் ஓபன்பி.எஸ்.டி. குழு வெளியிட்ட ஓபன்எஸ்.எஸ்.எச். வழியாக அது உலகின் ஏறத்தாழ எல்லா யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

எஸ்.எஸ்.எச். வந்தபின் சிக்கல் முடிந்துவிட்டதே என்று ஒருவர் கேட்கலாம். முதல் தடவையைத் தவிர மற்ற எல்லாத் தடவைக்கும் முடிந்துவிட்டது. ஒவ்வொரு சர்வருக்கும் ஹோஸ்ட் கீ என்ற சாவி இணை உண்டு. ஒருமுறை அதன் பொதுப்பகுதியை நம் கணினி பதிந்துகொண்டால், அடுத்தமுறை வேறொன்று அந்த இடத்தில் வந்து நின்றால் உரத்த எச்சரிக்கை வரும். டெர்மினலின் வரலாற்றில், கணினி தன்னை நிரூபிக்கவேண்டும் என்று வற்புறுத்தி வெகுஜனப் புழக்கத்துக்கு வந்த முதல் கருவி என்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் முதல் இணைப்பில், சாவியின் ஃபிங்கர்பிரிண்ட் எனப்படும் நீண்ட எழுத்துக் கோவையைத் திரையில் காட்டி, தொடரலாமா என்று கேட்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழியில் வந்த பிரதி கையில் இல்லாதவர் ஆமென்று தட்டுவதைத் தவிர என்ன செய்வார்? 2006இல் வெளியான எஸ்.எஸ்.எச். தர ஆவணமும் முதல் தடவையில் சரிபார்க்காமல் விடலாம் என்று இடம் கொடுத்து, பரவலான சாவிக் கட்டமைப்பு உலகில் இல்லாததை அதற்குக் காரணமாகச் சொல்கிறது. இந்தச் சமரசம் இல்லாதிருந்தால் எஸ்.எஸ்.எச். இவ்வளவு வேகமாகப் பரவியிருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். சான்றிதழ் கேட்ட இணையதள மறைகுறியாக்கம், லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015இல் இலவசச் சான்றிதழ் தரத் தொடங்கும்வரை சிறு தளங்களைப் பரவலாக எட்டவில்லை.

முதல் இணைப்பின் நடுவே புகுந்து ஏமாற்றுவது அரிது, அந்த அச்சம் மிகை என்பது அடுத்த மறுப்பு. கம்பியின் நடுவே புகுவது அரிதுதான். ஆனால் முதல் தடவைக்கு மறுபாதி ஒன்றிருக்கிறது: புதிதாக எழுந்த கருவி, தன்னிடம் முதலில் வருகிறவரை எதைக்கொண்டு நம்பும்? தொழிற்சாலையில் எல்லாக் கருவிக்கும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் பொறித்து அனுப்பியதுதான் பல்லாண்டுகள் அதற்கான விடையாக இருந்தது. அதன் விலை 2016இல் தெரிந்தது. மிராய் என்ற நிரல், டெல்நெட் திறந்திருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடி, அறுபது சொச்சம் தொழிற்சாலைக் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து லட்சக்கணக்கில் பிடித்தது. அக்டோபர் 21 அன்று அவை டைன் நிறுவனத்தின் பெயர்த் தீர்வு சர்வர்களைத் தாக்க, ட்விட்டர் உட்பட பெரிய தளங்கள் பலவற்றை அமெரிக்காவில் பல மணி நேரம் திறக்க முடியவில்லை. கடவுச்சொல்லை மாற்றாதது வாங்கியவர் குற்றம் என்று சிலர் வாதிட்டார்கள். திரையில்லாத கருவியில் டெல்நெட் இருப்பதே வாங்கியவருக்குத் தெரியாது. சில கருவிகளில் அந்தக் கடவுச்சொல் ஃபர்ம்வேருக்குள்ளேயே பதிந்திருந்ததால் மாற்றவும் முடியாது. பூட்டைப் பற்றி அறியாதவரிடம் சாவியைத் தொலைத்ததற்குக் கணக்குக் கேட்க முடியாது.

அந்த ஆண்டு நவம்பரில் ராஸ்பெர்ரி பை குழு எடுத்த முடிவு, சிறிதானாலும் இந்த வரலாற்றில் நான் மிக மதிக்கும் முடிவுகளில் ஒன்று. 2012இலிருந்து விற்கப்பட்ட அந்தச் சிறு கணினியில், பை என்ற பெயரும் ராஸ்பெர்ரி என்ற கடவுச்சொல்லும் எல்லோருக்கும் பொது, எஸ்.எஸ்.எச். எப்போதும் திறந்தே இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் மானிட்டர் வாங்காமலே அதைப் பயன்படுத்த அது உதவியது. குழு எஸ்.எஸ்.எச்.சை மூடிவைத்து, வேண்டுமென்பவர் எஸ்.டி. கார்டின் பூட் பகுதியில் ssh என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை வைத்தால் போதும் என்றது. கார்டைக் கையில் எடுத்தவர்தான் உரிமையாளர் என்பது இதன் உட்கருத்து. கன்சோல் கேபிள் தந்த சான்று வேறு வடிவில் திரும்பிவிட்டது. 2022 ஏப்ரலில் பொதுப் பெயரும் கடவுச்சொல்லும் நீக்கப்பட்டன. இப்போது கார்டை எழுதும்போதே உரிமையாளர் தம் பொதுச்சாவியை அதில் பதித்துவிடலாம். சட்டங்களும் இதே திசையில் நகர்ந்தன: கலிஃபோர்னியாவில் 2020இலும் பிரிட்டனில் 2024 ஏப்ரலிலும் எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் என்ற வழக்கத்துக்கு எதிரான விதிகள் நடைமுறைக்கு வந்தன.

பெரிய சர்வர்களில் இதே கேள்வி வேறு உருவில் எழுந்தது. 1998இல் இன்டெல், டெல், எச்.பி., என்.இ.சி. சேர்ந்து வெளியிட்ட ஐ.பி.எம்.ஐ. தரம், மதர்போர்டில் இருக்கும் பி.எம்.சி. என்ற தனிச் சிறு கணினியோடு பேச ஒரு பொது மொழி தந்தது. சர்வர் அணைந்திருந்தாலும் பி.எம்.சி. விழித்திருக்கும், தொலைவிலிருந்தே மின்சாரம் போடலாம், பயாஸ் திரையைப் பார்க்கலாம், இயங்குதளத்தை நிறுவலாம். ரேக் முன்னால் நிற்பவருக்கு மட்டுமே இருந்த முழு அதிகாரம் நெட்வொர்க்கில் ஏறிவிட்டது. 2013இல் பாதுகாப்பு ஆய்வாளர் டேன் ஃபார்மர் சுட்டிக்காட்டிய குறையை நம்புவதே கடினம்: ஐ.பி.எம்.ஐ. 2.0இன் வடிவமைப்புப்படி, கேட்கிறவர் யாரென்று உறுதியாவதற்கு முன்பே கடவுச்சொல்லின் ஹேஷ் மதிப்பை பி.எம்.சி. அவரிடம் கொடுத்துவிடும். எச்.பி. தன் சர்வர்களில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல்லை ஒரு சிறு அட்டையில் அச்சிட்டுத் தொங்கவிட்டது இதைவிட உயர்ந்த பாதுகாப்பு என்று சொல்வேன். அதைப் படிக்க ஒருவர் சர்வர் அருகே போகவேண்டும். உடல்வழியை முற்றிலும் அடைத்துவிடலாம் என்பவர்களுக்கு 2021 அக்டோபர் 4 ஒரு பதில் வைத்திருக்கிறது. அன்று ஃபேஸ்புக்கின் உள் நெட்வொர்க் முழுவதும் விழுந்தபோது, அவசரத்துக்கென்று வைத்திருந்த மாற்று வழியும் சேர்ந்து விழுந்தது. பொறியாளர்கள் நேரில் அனுப்பப்பட்டார்கள். கட்டடக் காவலும், நேரில் வந்தவரையும் எளிதில் நம்பாத சாதனங்களும் அவர்களைத் தாமதப்படுத்தின. ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிடித்தது.

கிளவுட் காலத்தில் யாரும் எந்தக் கணினியையும் தொடுவதில்லையே என்பது கடைசி மறுப்பு. தொடும் வேலையை நமக்காக வேறொருவர் செய்கிறார் என்பதே சரி. 2006இல் அமேசானின் இ.சி.2 வந்தபின், மெய்நிகர் சர்வரை உருவாக்கும்போதே நம் பொதுச்சாவி உள்ளே வைக்கப்படுகிறது. முதல் தடவை எழும்போது சர்வர் தன் ஹோஸ்ட் கீயின் ஃபிங்கர்பிரிண்டைக் கன்சோல் பதிவில் எழுதுகிறது. கிளவுட் நிறுவனத்தின் வழியாக அதைப் படித்து, எஸ்.எஸ்.எச். காட்டுவதோடு ஒப்பிடலாம். 1995இல் இல்லாத அந்த இரண்டாவது பிரதி இன்று ஒரே கட்டளையில் கிடைக்கிறது. இருந்தும் தானியங்கி நிரல்கள் பலவற்றில், சரிபார்ப்பையே அணைத்துவிடும் வரி சாதாரணமாக எழுதப்படுகிறது. இதற்கு நான் எந்தச் சமாதானமும் காணவில்லை. ஓபன்எஸ்.எஸ்.எச். 2010லிருந்து சான்றிதழ்களை ஏற்கிறது. நிறுவனமே தன் சர்வர்களின் சாவிகளுக்குக் கையொப்பமிட்டால் ஊழியர் எவரும் ஃபிங்கர்பிரிண்டைக் கண்ணால் படிக்கவேண்டியதில்லை. 2021இல் ஃபிடோ கூட்டமைப்பு வெளியிட்ட முறை இன்னும் பின்னால், தொழிற்சாலைக்கே போகிறது: கருவியோடு ஓர் உரிமைச் சீட்டு பிறக்கிறது, விற்பவர் ஒவ்வொருவரும் அடுத்தவர் பெயருக்குக் கையொப்பமிட்டுக் கொடுக்க, முதன்முதலில் மின்சாரம் பெற்றதும் கருவி தன் கடைசி உரிமையாளரைத் தேடிப்போகிறது. தயாரிப்பவர், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி என்று சங்கிலியில் எல்லோரும் சேர்ந்தால்தான் அது நடக்கும். அதுவரை பழைய சந்தையில் சர்வர் வாங்குகிறவர் அதன் பின்பக்கத்தில் சீரியல் போர்ட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.